செத்து மிதக்காத குஞ்சுகள்

கொடுவா மீனின் முட்டை முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கடுகைவிடச் சின்னது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், உள்ளே ஒரு எண்ணெய்த் துளி மினுங்கும். இட்ட 17, 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். வெளியே வருகிற குஞ்சு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். அதற்கு வாய்கூடத் திறந்திருக்காது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருதான் சாப்பாடு. இரண்டாம் நாள் வாய் திறக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் மஞ்சள்கரு தீர்ந்துபோகும். அதற்குள் அது வேட்டையாடப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை என்றால் அவ்வளவுதான்.

பொரிப்பகம் ஒன்றில் மூன்று நாள் குஞ்சுகளை நுண்ணோக்கி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர், அதில் நாலைந்து குஞ்சுகள், கூடவே அவற்றின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கள். இரையைக் கண்டதும் குஞ்சு நீந்துவதை நிறுத்துகிறது. உடம்பைப் பாம்பு போல வளைத்துக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. அப்புறம் ஒரே பாய்ச்சல். பெரும்பாலும் குறி தப்புகிறது. மறுபடி வளைகிறது, மறுபடி பாய்கிறது. பத்து நிமிடம் பார்த்தேன், என் கண் முன்னால் ஒரு குஞ்சுக்குத்தான் இரை சிக்கியது. மற்றவற்றுக்கு இன்னும் பல தடவை பாயத் தெம்பு இருந்ததா தெரியாது.

அந்த ஒரு பாய்ச்சலுக்கு எவ்வளவு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் இரையின் தூரத்தைச் சரியாகக் கணிக்க வேண்டும், மூளை அதை வால் தசைக்குச் சொல்ல வேண்டும், தசை அந்தக் கணத்திலேயே கேட்க வேண்டும். தப்பி ஓடுவதற்கும் இதே கதைதான். மீன்களின் பின்மூளையில் மௌத்னர் செல் என்று இரண்டு பெரிய நரம்புச் செல்கள் உண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஏதோ ஒன்று நெருங்குகிறது என்று தெரிந்ததும் அதில் ஒன்று சுண்டும். ஒரு வினாடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் உடம்பு முழுக்க ஒரு பக்கமாக வளைந்து, மீன் அந்த இடத்தைவிட்டுத் தெறித்து ஓடிவிடும். இரையைப் பிடிப்பது, தானே இரையாகாமல் தப்புவது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குக் குஞ்சின் வாழ்க்கை இந்த இரண்டுதான்.

நரம்பு நஞ்சு இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அது குஞ்சைக் கொல்ல வேண்டியதே இல்லை. பாய்ச்சலைக் கொஞ்சம் தாமதமாக்கினால் போதும்.

கடலூர்க்காரர்களுக்கு மீன் சாவது புதிதல்ல. உப்பனாற்றில் மடவையும் கெளிறும் வயிறு மேலாக மிதந்த செய்தியை இந்தப் பக்கத்தில் பலமுறை படித்திருப்போம். நாற்றம் கிளம்பும், கூட்டம் கூடும், அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் செத்து மிதக்கிற மீனை மட்டுமே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சாகாமல் மந்தமாகிப்போன குஞ்சு மிதப்பதில்லை. அது வேறு எதனாலாவது விழுங்கப்பட்டு, தடயம் இல்லாமல் போய்விடும். இந்தக் கட்டுரை அந்தக் குஞ்சைப் பற்றியது. நரம்பைத் தாக்கும் நஞ்சுகள் பல இருந்தாலும், இதுவரை நன்றாக ஆராயப்பட்ட மெத்தில் பாதரசத்தை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன்.

கழிமுகச் சேற்றில் இறங்கியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரம் காலை வைத்தால் மேலே ஒரு விரற்கடை பழுப்புச் சேறு, அதற்குக் கீழே மை போலக் கறுப்பு. காலை உருவினால் அழுகின முட்டை வாடை குப்பென்று வரும். நண்டு பிடிப்பவர்களும் மட்டி பொறுக்குகிற பெண்களும் தினமும் மூச்சிழுக்கிற வாடை அது. அந்தக் கறுப்புச் சேற்றில் பிராணவாயு கிடையாது. அங்கே வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கடல்நீரில் இருக்கும் சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. அதன் கழிவுதான் அந்த வாடை. சாதாரணப் பாதரசத்தோடு ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி, அதை உயிர்களின் உடம்பில் ஏறக்கூடிய மெத்தில் பாதரசமாக மாற்றுவதும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள்தான். எந்த மரபணுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்பது 2013இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உப்பங்கழி, அலையாத்திக் காடு, கழிமுகம் என்று நம் கரை முழுக்க இப்படிப்பட்ட சேறுதான். மீன் குஞ்சுகள் வளரத் தேடி வருவதும் அதே இடத்துக்குத்தான்.

பாதரசம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியில் அது இயற்கையாகவே துளியளவு இருக்கும், எரிக்கும்போது ஆவியாகிப் புகையோடு போய்விடும். 2015ஆம் ஆண்டில் மனிதர்களின் வேலையால் உலகம் முழுக்கக் காற்றில் கலந்த பாதரசம் ஏறக்குறைய 2,220 டன் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. அதில் முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு, அடுத்த இடம் நிலக்கரிக்கு. நம் மாவட்டத்தில் நெய்வேலியில் 1960களின் தொடக்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து போவதெல்லாம் இங்கேயே விழுகிறது என்று சொல்லிவிட முடியாது. பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து உலகத்தையே சுற்றக்கூடியது, எங்கோ எரித்தது இங்கேயும் விழும். அனல்மின் நிலையப் புகையில் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2015 டிசம்பரில்தான் வரம்பு வைத்தது. அதுவரை அப்படியொரு வரம்பே இல்லை.

மெத்தில் பாதரசம் உடம்புக்குள் நுழைகிற விதம்தான் இதில் மோசமானது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, கண்டதையும் அது உள்ளே விடாது. ஆனால் மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டால், பார்ப்பதற்கு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் போல ஆகிவிடும். மெத்தியோனின் மூளைக்குத் தேவையான சத்து. காவல்காரன் ஆள் தெரியாமல் கதவைத் திறந்துவிடுவான். நஞ்சுக்கொடியையும் அது இப்படியே தாண்டுகிறது.

உள்ளே போய் என்ன செய்கிறது? கட்டடம் கட்டும்போது சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுவார்கள் அல்லவா, செல்லுக்குள்ளும் அப்படி நுண்குழாய்களால் ஆன ஒரு சாரம் உண்டு. செல் இரண்டாகப் பிரியவும், புதிய நரம்புச் செல் தான் பிறந்த இடத்திலிருந்து தன் இடத்துக்கு நகர்ந்து போகவும் அந்தச் சாரம் வேண்டும். மெத்தில் பாதரசம் அதைக் குலைக்கிறது. கட்டி முடித்த வீட்டில் சாரம் சரிந்தால் பெரிய நஷ்டமில்லை. பாதி கட்டும்போது சரிந்தால் சுவரே கோணும். வளர்ந்த உடம்பில் இந்த நஞ்சு மூளையின் குறிப்பிட்ட சில இடங்களைத்தான் அதிகம் தாக்குகிறது, கருவிலோ மூளை முழுக்கப் பரவலாகக் கெடுக்கிறது. ஒரே அளவு நஞ்சு தாயை ஒன்றும் செய்யாமல் பிள்ளையை முடக்குவதற்குக் காரணம் இதுதான்.

இதை மீன் குஞ்சில் பொறுமையாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வேலை செய்த ஜூடித் வெய்ஸ். அங்கே உப்பங்கழிகளில் மம்மிசாக் என்று ஒரு சின்ன மீன், நம் ஊர்க் கழிகளில் துள்ளுகிற பொடி மீன்களைப் போல எங்கும் கிடைப்பது. அதன் முட்டைகளை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் கலந்த நீரில் வைத்தார்கள். இந்த அளவு கண்ணுக்குப் பிடிபட வேண்டுமானால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டுக்குச் சற்று மேல், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். பொரித்த குஞ்சுகள் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன. ஆனால் ஆர்ட்டீமியா என்ற இறால் இனப் பொடி உயிரின் குஞ்சுகளை இரையாக விட்டபோது, நஞ்சு படாத குஞ்சுகளைவிடக் குறைவாகத்தான் பிடித்தன. இறாலோடு விட்டபோது சுலபமாக இறாலுக்கு இரையாயின. சில நாள் போனதும் வேட்டைத் திறன் தேறிவிட்டது. இதைப் படிக்கும் ஒருவர், தேறிவிட்டதே, அப்புறம் என்ன என்று நினைக்கலாம். ஆய்வகத் தொட்டியில் தேறலாம். கழிமுகத்தில் அந்தச் சில நாளைக் கடந்து யார் பிழைத்திருப்பது? மஞ்சள்கரு தீர்கிற நாளும் கை தடுமாறுகிற நாளும் ஒன்றாக வந்துவிட்டால் தேறுவதற்குக் குஞ்சே இருக்காது.

அதே மாநிலத்தில் பைல்ஸ் க்ரீக் என்ற மாசுபட்ட கழியில் வளர்ந்த மம்மிசாக்குகளையும் அவர்கள் பார்த்தார்கள். அவை மந்தமாக இருந்தன. இறாலைத் துரத்திப் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டு அடிச்சேற்றுக் கசடைத் தின்றன. சுத்தமான இடத்து மீன்களைக் கொண்டுவந்து அந்தக் கழியின் நிலைமையில் சில வாரம் வைத்தபோது அவையும் மந்தமாகின. இன்னொன்றுதான் எனக்கு ரொம்ப நாள் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த மாசுபட்ட கழியில் சின்ன இறால் வகை ஒன்று சுத்தமான கழியைவிட அதிகமாகவும் பெரிதாகவும் இருந்தது. துரத்தித் தின்ன ஆளில்லாததால் வந்த வளம் அது. ஆற்றில் இறால் நன்றாக விழுகிறது, அதனால் ஆறு நன்றாக இருக்கிறது என்று நாம் சட்டென்று சொல்லிவிடும் பேச்சு எவ்வளவு பிழையாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, 10 மைக்ரோகிராம் என்பது ஆய்வகத்தில் வைத்த அளவு, சாதாரண ஆற்று நீரில் மெத்தில் பாதரசம் இதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் இருக்கும். அப்படியானால் பயப்பட வேண்டியதில்லையா? குஞ்சுக்கு நஞ்சு தண்ணீர் வழியாக மட்டும் வருவதில்லை. தாயின் வழியாக வருகிறது. சேற்றிலிருந்து நுண்ணுயிருக்கு, அதிலிருந்து பொடி மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் மெத்தில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். மேல்படியில் இருக்கும் மீனின் சதையில் அது சுற்றியுள்ள தண்ணீரைப்போலப் பத்து லட்சம் மடங்கையும் தாண்டலாம். தாய் மீன் முட்டை கட்டுகிற மாதங்களில் எதைத் தின்கிறதோ, அதிலிருக்கும் பாதரசம்தான் முக்கியமாக முட்டைக்குள் போகிறது என்று அமெரிக்க நன்னீர் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. 2006இல் வெளியான இன்னொரு ஆய்வில், அட்லாண்டிக் கடலின் குரோக்கர் மீனுக்கு மெத்தில் பாதரசம் கலந்த தீனி கொடுத்து, அதன் முட்டையில் பிறந்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். குஞ்சுகள் நீந்துகிற விதமும், திடுக்கிட்டு ஓடுகிற விதமும் கெட்டிருந்தன. குஞ்சு வளர்ந்த தண்ணீரில் யாரும் நஞ்சைக் கலக்கவில்லை. குரோக்கர் நமக்கு அந்நியமான மீன் அல்ல, முதுநகர் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கத்தாளையின் குடும்பம்தான்.

இந்த இடத்தில் கொடுவாவிடம் திரும்பி வருகிறேன். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் தொடங்கும். சில ஆண்டுகள் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே முட்டையிடும் கொடுவா என்றாலே அது வயதான, பெரிய, பல ஆண்டுகள் மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த மீன். பாதரசம் சேர்வதற்கு இதைவிடத் தோதான உடம்பு கிடையாது. ஒரு தாய்க் கொடுவா லட்சக்கணக்கில் முட்டையிடும். தன் உடம்பில் சேர்த்ததில் ஒரு பங்கை ஒவ்வொரு முட்டைக்கும் வைத்து அனுப்பும்.

லட்சக்கணக்கில் இடுகிறதே, கொஞ்சம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1,00,000 குஞ்சுகள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் நூற்றுக்குப் பத்து சாகிறது என்றால் 30 நாள் கழித்து மிஞ்சுவது சுமார் 4,240. இரை பிடிப்பதில் கொஞ்சம் தடுமாற்றம், ஓடுவதில் கொஞ்சம் தாமதம், அதனால் தினமும் பத்துக்குப் பதில் பதினைந்து சாகிறது என்று வைப்போம். 30 நாளில் மிஞ்சுவது சுமார் 760. தினசரிக் கணக்கில் ஐந்துதான் கூடியது, மாத முடிவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. இது நான் விளக்கத்துக்குப் போட்ட கணக்கு, ஆனால் கடலில் குஞ்சுகளின் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. நார்வே நாட்டு அறிஞர் யோஹான் யோர்ட் 1914லேயே சொன்னார்: ஒரு வருடம் மீன் கொட்டுவதும் இன்னொரு வருடம் கொட்டாமல் போவதும் முட்டையின் எண்ணிக்கையைவிட, குஞ்சுகள் அந்த முதல் இரை நாட்களைக் கடந்தனவா என்பதில்தான் முடிவாகிறது. அன்றைக்கு அவர் மனதில் இருந்தது குஞ்சுக்கு இரை கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வி. இரை எதிரே இருந்தும் பிடிக்க முடியாத குஞ்சு என்ற கேள்வி நம் காலத்துக்கு வந்திருக்கிறது.

பாதரசம் மட்டும்தான் என்றில்லை. வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தில், பேச்சை முடித்துவைக்கும் நொதியை முடக்குகின்றன. பூச்சிக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் அந்த நொதி பொது. டயாசினான் என்ற மருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தாலே, இளம் சால்மன் மீன்கள் அபாய வாசனையை உணர்ந்து அடங்கி நிற்பதை விட்டுவிட்டன என்று 2000இல் ஓர் ஆய்வு வந்தது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல் வடிகால்கள் எந்தக் கழிமுகங்களுக்குப் போகின்றன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மீன் குஞ்சில் பார்த்தது மனிதக் குழந்தைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு ஜப்பானின் மினமாட்டா முன்பே பதில் சொல்லிவிட்டது. அங்கே சிசோ என்ற ஆலையின் கழிவு விரிகுடாவில் கலந்து, மீன் வழியாக மீனவக் குடும்பங்களுக்குப் போனது. முதலில் பூனைகள் தள்ளாடின. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு விடுவது நின்றது 1968இல். இதில் மருத்துவர்களைக் குழப்பியது, தாய் நன்றாக நடமாட, பிள்ளை மட்டும் கை கால் விளங்காமல் பிறந்தது. நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்றுதான் அதுவரை மருத்துவம் நம்பியிருந்தது. அதை மறுத்தவர்களில் முதன்மையானவர் ஹராடா மசசுமி என்ற மருத்துவர்.

ஆனால் பிறந்து பல ஆண்டுகள் கழித்து, கருவில் பாதரசம் ஏறியதை எப்படிக் காட்டுவது? ஜப்பானியர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைப்பார்கள். நம் வீடுகளில் அதைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுகிறோமே, அது மாதிரி. வீடு வீடாக அந்தப் பெட்டிகளை வாங்கி, கொடியிலிருந்த மெத்தில் பாதரசத்தை அளந்தார்கள். 1975இல் முடிவுகள் வெளியாயின. எந்த வருடம் பிறந்த குழந்தையின் கொடியில் எவ்வளவு என்று பார்க்க முடிந்தது. ஆலையின் கணக்குப் புத்தகம் சொல்லாததைத் தாய்மார்கள் எடுத்துவைத்த கொடி சொன்னது.

மினமாட்டாவில் இருந்தது பேரளவு நஞ்சு. குறைந்த அளவில் என்ன ஆகும் என்பதற்கு பாரோ தீவுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1986, 87இல் பிறந்த ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளை எடுத்துத் தொடர்ந்தார்கள். அங்கே திமிங்கில இறைச்சி சாப்பிடும் பழக்கம் உண்டு, பாதரசம் அதிலிருந்துதான் அதிகம் வந்தது. ஏழு வயதில் அந்தக் குழந்தைகளின் மொழி, கவனம், நினைவு ஆகியவற்றில் சின்னச் சின்னக் குறைகள் தெரிந்தன. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவு. செஷல்ஸ் தீவுகளில் கடல்மீன் நிறையச் சாப்பிடும் தாய்மார்களின் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட பாதிப்பு தெரியவில்லை. மீனில் இருக்கும் நல்ல கொழுப்பும் சத்தும் மறுபக்கம் இழுக்கின்றன. எந்த மீன் என்பதுதான் கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

கடலூர் தொழிற்பேட்டைப் பகுதியை 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 77.45 மதிப்பெண் கொடுத்து, மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 70ஐத் தாண்டினாலே அந்தப் பட்டியல். குடிக்காடு, சொன்னஞ்சாவடி, பச்சையாங்குப்பம் ஊர்க்காரர்களுக்கு அந்த எண் புதிதாக எதையும் சொல்லவில்லை. என் வருத்தமெல்லாம், அதற்குப் பிறகும் ஆற்றின் நலத்தை நாம் அளக்கிற முறை மாறவில்லை என்பதுதான். ஒரு நஞ்சு எவ்வளவு கொடியது என்று பார்க்க வழக்கமாகச் செய்வது 96 மணி நேரச் சோதனை. மீன்களை நஞ்சு கலந்த நீரில் நான்கு நாள் வைத்து, எந்த அளவில் பாதி சாகின்றன என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் உயிரோடு இருக்கும் மீன் நல்ல மீன். மந்தமான குஞ்சு அதில் தேறிவிடும்.

வேறு விதமாகப் பார்க்க நமக்கு வசதி இல்லாமல் இல்லை. 30 கிலோமீட்டர் தெற்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, வெள்ளாற்றுக் கழிமுகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிற இடம். கொடுவாக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறை 1997இலேயே சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. ஆகவே உப்பனாற்றுச் சேற்றின் மேல் கொடுவா முட்டையைப் பொரிக்கவைத்து, நான்காம் நாள் குஞ்சு பத்துப் பாய்ச்சலில் எத்தனை இரை பிடிக்கிறது என்று எண்ணுவது பெரிய விண்வெளி ஆராய்ச்சி அல்ல. ஒரு கேமரா, ஒரு கிண்ணம், பொறுமையான இரண்டு மாணவர்கள் போதும். பாட்டில் தண்ணீரோடு அந்தக் கறுப்புச் சேற்றையும் அள்ளிப் பார்க்க வேண்டும், மொத்தப் பாதரசத்தோடு மெத்தில் பாதரசத்தையும் தனியாக அளக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி முதுநகர் ஏலக்கூடத்தில் ஒட்டவும் வேண்டும். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் வலை வீசுகிறவர்களுக்குத் தங்கள் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை எவருக்கும் குறைந்ததல்ல.

இனி எந்த மீன் என்ற கேள்வி. பாதரசம் நீண்ட நாள் வாழ்கிற, மற்ற மீனைத் தின்கிற, பெரிய மீனில்தான் சேர்கிறது. சுறா அதில் முன்வரிசை. உலக உணவுத் தர அமைப்பு 2018இல் சுறாவுக்கு மெத்தில் பாதரச வரம்பைக் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் என்று வைத்தது, சூரை வகைக்கு 1.2. அமெரிக்காவில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அதே பட்டியலில் மத்தியும் நெத்திலியும் நல்ல மீன் என்று முதல் வரிசையில் இருக்கின்றன. பாலைவிடக் கருவின் வழியாகத்தான் பிள்ளைக்கு அதிகம் போகிறது. ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் ஆகும் என்பதால், கவனம் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே வேண்டும். சின்னச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும் என்பதும் உண்மை.

என் தங்கை பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த வாரம், அம்மா விடியற்காலையில் துறைமுகத்துக்குக் கிளம்பினார், பால் சுறா வாங்க. நம் பக்கத்தில் அது எழுதாத சட்டம். பூண்டு நிறையப் போட்டு சுறாப்புட்டு கிண்டிக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பாதரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன், அம்மா ஒன்றும் பேசவில்லை. துறைமுகத்தில் வழக்கமாக வாங்குகிற அக்காவிடம் போய் நின்றோம்.

"சுறா வேணாம்னு இது சொல்லுது. பிள்ள பெத்தவளுக்கு வேற என்னத்தக் குடுக்கறது?" என்று அம்மா கேட்டார்.

"ஏம்மா, காரப்பொடி இல்லியா? எங்க ஆயா எங்களுக்கு அதத்தான் கொதிக்க வச்சுக் குடுத்துச்சு. மொளகும் பூண்டும் தட்டிப் போட்டு, அந்தத் தண்ணியக் குடிச்சா பால் நிக்காம ஊறும்" என்றார் அக்கா.

விரல் நீளம், வெள்ளி மாதிரிப் பளபளப்பு. ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் வாழாத, மிதவை உயிர்களைத் தின்று வளர்கிற பொடி மீன். அக்கா இரண்டு கை அள்ளித் தாமரை இலையில் வைத்துக் கட்டினார். அம்மா காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, "இதுல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். சாப்பிடலாம் என்றேன்.